ரத்தக்குழாயைத் தைக்கத் தெரிஞ்சும் 50 வருஷம் காலை எடுத்த கதை

நீண்ட இழை. டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தார்: "டாக்டர், வாஸ்குலர் சர்ஜன்னு தனியா ஒருத்தர் எதுக்கு? ஜெனரல் சர்ஜனே ரத்தக்குழாயைத் தைக்க மாட்டாரா?" ரெண்டு வரியில பதில் சொல்லலாம்னு ஆரம்பிச்சேன், முடியல. ஏன்னா இந்தக் கேள்விக்குப் பின்னாடி நாலு போர், ஒரு எம்பிராய்டரி டீச்சர், டிகிரியே இல்லாம சர்ஜன்களுக்குப் பாடம் எடுத்த ஒரு மனுஷர், எண்ணிக்கையில்லாத கால்கள் எல்லாம் இருக்கு.

முதல்ல அடிப்படை. காலுக்குப் போற பெரிய தமனி அறுந்துட்டா டாக்டர் முன்னாடி ரெண்டு வழி. ஒண்ணு, ரெண்டு முனையையும் நூல் போட்டு இறுக்கிக் கட்டிடறது. ரத்தம் நிக்கும், உயிர் பிழைக்கும். ஆனா அந்தத் தமனியை நம்பி இருந்த தசைக்கு ரத்தம் கிடையாது. பக்கத்துல இருக்கிற சின்னச் சின்னக் குழாய்கள் வழியா போதுமான ரத்தம் போனா கால் தப்பிக்கும், இல்லன்னா கறுத்து அழுகும், எடுக்கணும். இரண்டாவது வழி, அறுந்ததைத் திரும்பத் தைச்சு ரத்தத்தை ஓடவிடறது.

முதல் வழியைப் போர்க்கள அறுவை சிகிச்சையில் நிலைநாட்டியவர் பிரான்ஸ் நாட்டு ஆம்ப்ராய்ஸ் பாரே. 1552ல். அதுக்கு முன்னாடி காலை வெட்டின இடத்துல பழுக்கக் காய்ச்சின இரும்பு வைப்பாங்க. அதோட ஒப்பிட்டா நூல் கட்டறது பெரிய கருணை. ஆனா அந்தக் கருணையிலேயே நாம ஏறக்குறைய 400 வருஷம் நின்னுட்டோம்.

இடையில முயற்சி நடக்காம இல்ல. 1759ல இங்கிலாந்தின் நியூகாசில்ல ஹாலோவெல் என்பவர், லாம்பர்ட் சொன்ன யோசனைப்படி, கைத்தமனியில் இருந்த சின்னக் கிழிசலை ஒரு ஊசியைக் குத்தி, அதைச் சுத்தி நூல் சுத்தி மூடினார். கை பிழைச்சது. ஆனா அதுக்கப்புறம் அதை அப்படியே மறந்துட்டாங்க. 1896ல சிகாகோவில் ஜான் மர்ஃபி குண்டு பாய்ஞ்ச தொடைத் தமனியை முனையோட முனை சேர்த்துத் தைச்சார். இதெல்லாம் தனித்தனி சாகசங்கள். வேறொருத்தர் பார்த்துத் திரும்பச் செய்யக்கூடிய முறைன்னு ஒண்ணு உருவாகல.

1894 ஜூன் 24. பிரான்சின் லியோன் நகரம். ஜனாதிபதி சாடி கார்னோ ஒரு விருந்து முடிஞ்சு வண்டியில் கிளம்பறார். கசேரியோ என்ற இத்தாலிய இளைஞன் வயித்துல கத்தியால குத்திடறான். கல்லீரலுக்குப் போற பெரிய சிரை கிழிஞ்சிருச்சு. ஊர்ல இருந்த பெரிய சர்ஜன்கள் எல்லாம் சுத்தி நின்னாங்க. யாருக்கும் அதைத் தைக்கத் தெரியாது. நள்ளிரவு தாண்டி கார்னோ இறந்துபோனார்.

அப்ப அதே ஊர்ல மருத்துவம் படிச்சுக்கிட்டிருந்த, இன்னும் 21 முடியாத ஒரு பையன் அலெக்ஸிஸ் கரேல். சர்ஜன்களுக்குத் தைக்கத் தெரிஞ்சிருந்தா அவர் பிழைச்சிருப்பார்னு வெளிப்படையாவே சொன்னவர். சொல்லிட்டு சும்மா இருக்கல. லியோன் பட்டுக்கும் எம்பிராய்டரிக்கும் பேர் போன ஊர். அங்க லெரூடியே என்ற பெண்மணியிடம் போய் ஊசிவேலை கத்துக்கிட்டார். தலைமுடி மாதிரி ஊசி, மெல்லிசான பட்டு நூல், நூல் வழுக்கிப் போக வாசலின். 1902ல தன் முறையை வெளியிட்டார்.

அந்த முறை என்னன்னு ஒரு நிமிஷம் பாருங்க, அழகா இருக்கும். ரத்தக்குழாய் ஈரமான, தொளதொளன்னு இருக்கிற ரப்பர் ட்யூப் மாதிரி. வட்டமான வாயைச் சுத்தித் தைக்கும்போது ஊசி எதிர்ச் சுவரையும் சேர்த்துப் பிடிச்சுடும். பிடிச்சா குழாய் அடைஞ்சுபோச்சு. கரேல் வட்டத்துல சம இடைவெளியில மூணு தையல் போட்டு, மூணு நூலையும் மூணு பக்கம் இழுக்கச் சொன்னார். வட்டம் முக்கோணம் ஆயிடுச்சு! இப்ப உங்க முன்னாடி இருக்கறது மூணு நேர்க்கோடு. நேர்க்கோட்டைத் தைக்கறது சுலபம், எதிர்ச் சுவரும் தானா விலகிடும். சட்டைக் கையை உடம்போட சேர்க்கிற டெய்லருக்கு இதுல இருக்கிற புத்திசாலித்தனம் உடனே புரியும்.

1904ல அமெரிக்கா போனார், சிகாகோவில் சார்ல்ஸ் கத்ரியோட சேர்ந்து விலங்குகள்ல நூத்துக்கணக்கான தையல். 1912ல நோபல் பரிசு, கரேலுக்கு மட்டும். கத்ரிக்கு இல்ல. (கரேலைப் பத்தி ஒரு விஷயம் சொல்லாம போனா நேர்மை இல்ல. பின்னாடி அவர் இனமேம்பாட்டுக் கொள்கை பேசினார். 1935ல எழுதின புத்தகத்துல சில குற்றவாளிகளை விஷவாயு வச்சு முடிச்சுடலாம்ங்கற அளவுக்குப் போனார். கை சுத்தமா வேலை செஞ்சது. மனசு பத்தி அப்படிச் சொல்ல முடியல.)

சரி, 1912. முறை இருக்கு, நோபல் பரிசும் வந்தாச்சு. ரெண்டு வருஷத்துல முதல் உலகப் போர். லட்சக்கணக்கான காயங்கள். இனிமே எல்லாரும் தைச்சிருப்பாங்க, கால்கள் எல்லாம் தப்பிச்சிருக்கும்னு நினைப்பீங்க.

இல்ல.

பெர்ட்ராம் பெர்ன்ஹைம் என்ற அமெரிக்கர் இருந்தார். பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்ஜன். 1913லயே ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்குத் தனிப் புத்தகம் எழுதியவர். அவர் நாட்டுல இந்த வேலைக்குத் தகுதியான ஆள்னா அவர்தான். பிரான்ஸ் போர்முனைக்கு இதுக்காகவே மனசளவில் தயாராகிப் போனார். திரும்பி வந்து எழுதினது ஏமாற்றம்தான். காயம் பட்டவங்க வந்து சேரவே நேரமாகுது, வர்ற காயம் எல்லாம் சேறும் சீழும், தைச்சாலும் பிச்சுக்கும். நூல் போட்டுக் கட்டறதைத் தவிர வேற வழியில்ல.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். பெர்ன்ஹைமுக்குத் திறமை இல்லாம இல்ல. அவரைச் சுத்தி இருந்த ஏற்பாடு இல்ல. ஆண்டிபயாடிக் இல்ல, ரத்தவங்கி இல்ல, ரத்தம் உறையாம வைக்கிற ஹெப்பாரின் 1916ல இப்பதான் ஆய்வகத்துல கண்டுபிடிச்சிருக்காங்க, மனுஷங்களுக்குக் கொடுக்க இன்னும் 20 வருஷம் ஆகும். அதோட அவர் ஒரே ஒரு ஆள். மொத்தப் போர்முனைக்கும் தைக்கத் தெரிஞ்ச கைகள் எத்தனைன்னு விரல்விட்டு எண்ணிடலாம்.

அடுத்தது இரண்டாம் உலகப் போர். இப்ப பென்சிலின் வந்தாச்சு, பிளாஸ்மா, ரத்தம் எல்லாம் முன்முனை வரைக்கும் போகுது, ஹெப்பாரினும் வந்தாச்சு. போர் முடிஞ்சதும் மைக்கேல் டிபேக்கியும் ஃபியோரிண்டோ சிமியோனியும் அமெரிக்க ராணுவக் கணக்கை எடுத்து 1946ல வெளியிட்டாங்க. எங்க படிப்புல இதைத் தாண்டாம யாரும் போக முடியாது.

தமனிக் காயம் 2,471. அதுல தைச்சது எத்தனை தெரியுமா? 81. நூத்துக்கு மூணு சொச்சம்.

நூல் போட்டுக் கட்டினவங்கள்ல 49% பேருக்குக் கால் அல்லது கை போச்சு. ரெண்டுல ஒருத்தர். தைச்ச 81 பேர்ல 35.8%. முழங்காலுக்குப் பின்னாடி ஓடற தமனி அறுந்தவங்க கதி இன்னும் மோசம், 72.5% பேருக்குக் கால் போச்சு. அங்க பக்கத்துணைக் குழாய்கள் ரொம்பக் குறைவு. அதனாலதான்.

டிபேக்கி இதுக்குத் தைக்காத டாக்டர்களைக் குறை சொல்லல. காயம் பட்டு, தூக்கிட்டு வந்து சேர்க்கறதுக்குள்ள பல மணி நேரம் ஓடிடுது. தசை ஏறக்குறைய 6 மணி நேரம்தான் தாங்கும். அதனால கட்டறது என்பது நாம விரும்பித் தேர்ந்தெடுக்கிற சிகிச்சை இல்ல, வேற வழியில்லாத நிலைமைங்கற மாதிரி எழுதினார். நியாயமான வாதம். ஆனா அதைப் படிச்ச பலபேர் கடைசிப் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க: போர்க்களத்துல கட்டறதுதான் சரி. அது விதியா மாறிடுச்சு. ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை எப்படித் தப்பான பழக்கத்துக்குச் சாட்சியாகும்னு பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

இந்தச் சமயத்துல பால்டிமோர்ல வேறொரு விஷயம் நடந்துக்கிட்டிருந்தது. எனக்குப் பிடிச்ச பகுதி இது.

விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், நாஷ்வில்ல வளர்ந்த தச்சர். டாக்டராகணும்னு காசு சேர்த்து வச்சிருந்தார், பெரும் பொருளாதார வீழ்ச்சியில பேங்க் மூழ்கிடுச்சு, சேமிப்பு போச்சு. 1930ல வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துல ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற இளம் சர்ஜனோட ஆய்வகத்துல உதவியாளரா சேர்ந்தார். செய்யற வேலை ஆராய்ச்சி, சம்பளப் பதிவேட்டுல இருக்கிற பேர் துப்புரவுப் பணியாளர். தச்சுவேலை செஞ்ச கை, ரத்தக்குழாய்த் தையலை அசாத்தியமா பிடிச்சுக்கிச்சு.

1941ல பிளேலாக் ஹாப்கின்ஸுக்குத் தலைவரா போனப்ப தாமஸையும் கூட்டிட்டுப் போனார். அங்க ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதய மருத்துவர் ஒரு பிரச்சினையோட காத்திருந்தார். நீலம் பாரிச்சுப் பிறக்கிற குழந்தைங்க. நுரையீரலுக்குப் போதுமான ரத்தம் போகல, புதுசா ஒரு குழாய் இணைப்பு கொடுக்க முடியுமா? தாமஸ் சுமார் 200 நாய்கள்ல அதைச் செஞ்சு பார்த்து முறையை உருவாக்கினார். குழந்தைக்கு ஏத்த ஊசி கடையில இல்ல, இருந்ததை வெட்டித் தீட்டி அவரே செஞ்சார்.

1944 நவம்பர் 29. ஐலீன் சாக்சன், ஒன்றேகால் வயசுக் குழந்தை, எடை நாலு கிலோ சொச்சம். கத்தி பிளேலாக் கையில. ஆனா அந்த அறையில் அந்தத் தையலை அதிகம் போட்டவர் தாமஸ்தான். பிளேலாக் அவரைக் கூப்பிட்டுத் தனக்குப் பின்னாடி நிக்கச் சொன்னார். தாமஸ் ஒரு ஸ்டூல் மேல ஏறி நின்னு, தோளுக்கு மேல எட்டிப் பார்த்துக்கிட்டே வழி சொன்னார். இந்தப் பக்கமா, இன்னும் நெருக்கமா, அது தலைகீழா போகுது... இப்படி. குழந்தையின் உதடு நீலத்துல இருந்து சிவப்பாச்சு. (ஐலீன் சில மாசத்துல மறுபடி மோசமாகி இறந்துபோனாள். ஆனா அடுத்தடுத்து செஞ்ச குழந்தைகள் பிழைச்சாங்க, உலகம் முழுக்க பால்டிமோருக்கு வந்தாங்க.) 1945ல கட்டுரை வந்தப்ப பிளேலாக், டாசிக் பேர் இருந்தது. தாமஸ் பேர் இல்ல.

இந்தக் கதை சினிமாவாவே வந்துடுச்சு, பலருக்குத் தெரியும். அதிகம் பேசாத பகுதி அதுக்கப்புறம். ஹாப்கின்ஸ் அறுவை ஆய்வகத்தை நடத்தினவர் தாமஸ். அங்க பயிற்சிக்கு வர்ற இளம் சர்ஜன்கள், எம்.டி. முடிச்ச வெள்ளைக்காரப் பசங்க, ரத்தக்குழாயை எப்படித் தொடணும், கிளாம்ப்பை எவ்வளவு மெதுவா போடணும், உள்சுவரை எப்படிக் காயப்படுத்தாம தைக்கணும்னு கத்துக்கிட்டது கல்லூரிப் படிப்பே இல்லாத இந்த மனுஷர்கிட்ட. நோயாளி மேல கை வைக்கறதுக்கு முன்னாடி கை தப்பு பண்றதுக்கு ஒரு இடம். தப்பு பண்ணா பக்கத்துல நின்னு சொல்ல ஒரு ஆள். பயிற்சித் திட்டம்னு நாம இன்னைக்குச் சொல்றதோட மொத்த சாரமும் அந்த ஆய்வகத்துல இருந்தது. 1971ல அவரிடம் கத்துக்கிட்ட சர்ஜன்கள் சேர்ந்து அவர் ஓவியத்தை வரைய வச்சு மருத்துவமனைக்குக் கொடுத்தாங்க. 1976ல கௌரவ டாக்டர் பட்டம் கிடைச்சது.

இப்ப கொரியா.

1950 ஜூன்ல போர் ஆரம்பிச்சுது. டாக்டர் பத்தல. டாக்டர்களைக் கட்டாயமா ராணுவத்துல சேர்க்கறதுக்குத் தனிச் சட்டமே போட்டாங்க. அதுல மாட்டினவங்கள்ல பாதிப் பயிற்சியில் இருந்த இளம் சர்ஜன்கள் நிறைய. பெரிய ப்ரொபசர்கள் இல்ல, முப்பது வயசு கூட ஆகாதவங்க. ஆனா இவங்க படிச்ச காலம் வேற. 1940கள்ல நீலக் குழந்தை அறுவை சிகிச்சையும், பெருந்தமனித் தையலும் நடந்த மருத்துவமனைகள்ல பயிற்சி எடுத்தவங்க இவங்கள்ல இருந்தாங்க. மேலே உட்கார்ந்திருந்த அதிகாரிகளுக்கு 1946 கட்டுரை தெரியும். கீழே டெண்டுல நின்ன பையனுக்குத் தையல் தெரியும்.

அவங்கள்ல ஒருத்தர் ஃப்ராங்க் ஸ்பென்சர். ஹாப்கின்ஸில் பிளேலாக்கிடம் பயிற்சியில இருந்தவர். கடற்படை மருத்துவரா மரைன் படையோட 1952ல கொரியா போனார். தமனி அறுந்தா கட்டு, இதுதான் அப்ப விதி. இவர் தைச்சார். துண்டு போயிருந்த இடத்துல, இறந்த வீரர்களிடமிருந்து எடுத்த தமனியை வச்சு ஒட்டுப்போட்டார். கால்கள் பிழைச்சது. போர் முடிஞ்சதும் 1955ல எழுதி வெளியிட்டார்.

தரைப்படையில் இது கொஞ்சம் முறையா நடந்தது. வாஷிங்டன்ல வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ரத்தக்குழாய் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருந்தது. அங்க பழகின எட்வர்ட் ஜான்கி, கார்ல் ஹியூஸ் மாதிரி ஆட்கள் கொரியா போனாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் வந்து நின்னு செய்வார், பக்கத்துல இருக்கறவர் பார்ப்பார், அடுத்த கேஸ்ல கை வைப்பார். மாஷ்னு சொல்ற அந்த டெண்டு ஆஸ்பத்திரி போர்முனைக்குப் பக்கத்துலயே இருந்தது. ஹெலிகாப்டர் காயம்பட்டவங்களைத் தூக்கிட்டு வந்தது. 1951 நடுவுல இருந்து போர்முனை ஓரிடத்துல நின்னுபோனதால ஆஸ்பத்திரியும் ஓரிடத்துல நின்னு வேலை பார்க்க முடிஞ்சது.

1958ல ஹியூஸ் மொத்தக் கணக்கை வெளியிட்டார். பெரிய தமனிக் காயம் 304. தைச்சது 269. கட்டினது 35. கால் கை போனது 13%.

49ல இருந்து 13. முழங்கால் பின்தமனிக்கு 72.5ல இருந்து 32.

இந்த எண்களை வச்சு ஆட்டம் போடறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. முழுப் பெருமையும் தையலுக்கே போகாது. ஹெலிகாப்டர், ரத்தம், நிலையான போர்முனை எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. ஆனா பென்சிலினும் ரத்தமும் 1944லயும் இருந்தது. அப்ப நூத்துக்கு மூணு பேருக்குத்தான் தைச்சாங்க. இப்ப பத்துல ஒன்பது பேருக்குக் கிட்ட தைச்சிருக்காங்க. அந்த நடுவுல இருந்த எட்டு வருஷத்துல வந்து சேர்ந்தது பழகின கைகள். கரேல் முறையை வெளியிட்டது 1902, கொரியாவில் தையல் வழக்கமானது 1952. இந்த 50 வருஷத்துல தகவல் எங்கயும் ஒளிஞ்சிருக்கல, நூலகத்துல புத்தகமா உட்கார்ந்திருந்தது.

அடுத்து வியட்நாம். இதுல ஒரு ஆளைச் சொல்லணும், நார்மன் ரிச். 1965-66ல மத்திய உயர்நிலப் பகுதியில் ராணுவ சர்ஜனா இருந்தார். அங்க அவரை உறுத்தின விஷயம் இது: நான் ஒருத்தனுக்குத் தமனியைத் தைக்கறேன், ரெண்டு மூணு நாள்ல அவனை விமானத்துல ஏத்தி ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பிடறாங்க. அப்புறம் அவன் கால் இருந்ததா போனதா, எனக்குத் தெரியாது. தெரியாம நான் எப்படி அடுத்தவனுக்கு இன்னும் நல்லா தைப்பேன்?

திரும்பி வந்து 1966ல வால்டர் ரீட்ல வியட்நாம் வாஸ்குலர் பதிவேடு ஆரம்பிச்சார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண், கையில் ஒரு அட்டை. எங்க போனாலும் தகவல் வரணும். வந்த தகவலைத் தைச்ச சர்ஜனுக்குத் திருப்பிச் சொல்லணும். 1970ல முதல் 1,000 தமனிக் காயங்களின் கணக்கு வெளிவந்தது. கால் போன விகிதம் கொரியா அளவுலயேதான் இருந்தது, குறையல. முழங்கால் பின்தமனி இன்னும் 30% பக்கத்துலயே நின்னது. காயங்கள் அவ்வளவு கோரமா இருந்ததும் ஒரு காரணம். ஆனா பதிவேடு இருந்ததால புதுக் கேள்விகள் கேட்க முடிஞ்சது. தமனியை மட்டும் தைச்சுட்டு பக்கத்துல கிழிஞ்ச சிரையைக் கட்டிடறோமே, ரத்தம் உள்ள போகுது, வெளிய வர வழி? சிரையையும் தைக்கணும்னு ரிச் விடாம வாதாடினது இங்கிருந்து வந்ததுதான்.

அதே வால்டர் ரீட்ல ஹியூஸிடம் தனி வாஸ்குலர் பயிற்சி எடுத்து, பிறகு அந்தப் பயிற்சித் திட்டத்தையே ரிச் நடத்தினார். கொரியாவுல தைச்சவர் கத்துக்கொடுக்க, வியட்நாம்ல தைச்சவர் கத்துக்கிட்டு, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க. அடுத்த போர் வரும்போது மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கக் கூடாதுங்கறதுதான் அவங்க பயம். முதல் உலகப் போர்ல இருந்து ரெண்டாவதுக்கு அப்படித்தானே ஆச்சு.

ராணுவத்துக்கு வெளிய கதை வேற மாதிரி குழப்பம். 1947ல அமெரிக்க வாஸ்குலர் சர்ஜரி சங்கம் முதல் கூட்டம் போட்டப்ப நிறுவன உறுப்பினர் 31 பேர். அதுக்கப்புறம் பத்து வருஷத்துல துறை வெடிச்சுக் கிளம்பிடுச்சு. டிபேக்கி ஹூஸ்டன்ல துணிக்கடையில டேக்ரான் துணி வாங்கி, வீட்டுத் தையல் மெஷின்ல குழாய் தைச்சு பெருந்தமனிக்கு வச்சார். (அவருக்கும் சின்ன வயசுல தையல் கத்துக்கொடுத்தது அம்மா. இந்தத் துறையோட வரலாறு பூரா ஒரு பெண்மணி பின்னாடி ஊசியோட நிக்கறாங்க, பேர்தான் கட்டுரையில வராது.)

துணிக்குழாய் கடையில கிடைக்க ஆரம்பிச்சதும் எல்லாரும் செய்ய ஆரம்பிச்சாங்க. குடல்வால் எடுக்கறவரும், இதய சர்ஜனும், வருஷத்துக்கு ரெண்டு மூணு பெருந்தமனி கேஸ் பார்க்கறவரும். 1970களின் தொடக்கத்துல சங்கத்தின் குழு ஒண்ணு கணக்கெடுத்துப் பார்த்தது. எப்பவாவது ஒண்ணு செய்யறவங்க கையில் முடிவுகள் சரியில்லன்னு தெரிஞ்சது. எழுதி வெளியிட்டப்ப சக சர்ஜன்கள் சந்தோஷப்படலன்னு சொல்லத் தேவையில்ல.

இதைத் தூக்கிப் பிடிச்சவர் சான் பிரான்சிஸ்கோவின் எட்வின் வைலி. தனிப் பயிற்சி முதன்முதலா தொடங்கின இடங்கள்ல அவருடையதும் ஒண்ணு. தனிப் பயிற்சி வேணும், தனிச் சான்றிதழ் வேணும்னு வருஷக்கணக்குல கேட்டார். எதிர்ப்பு சாதாரணமா இல்ல. இப்படி ஒவ்வொண்ணா பிரிச்சுக் கொடுத்துட்டா ஜெனரல் சர்ஜனுக்கு என்ன மிச்சம்? ஊர்ப்புறத்துல இருக்கற சர்ஜன் நடுராத்திரி வர்ற கேஸை என்ன பண்ணுவார், சான்றிதழ் இல்லன்னு திருப்பி அனுப்புவாரா? எதிர்த்தவங்களை வெறும் பொறாமைக்காரங்கன்னு ஒதுக்க என்னால முடியல, அந்தக் கடைசிக் கேள்வி இன்னைக்கும் உயிரோட இருக்கு. கடைசியா 1982ல அமெரிக்க சர்ஜரி போர்டு வாஸ்குலருக்குத் தனிச் சான்றிதழ் கொடுத்தது. வைலியும் அதே வருஷம் காலமானார்.

எல்லாம் முடிஞ்சு நிம்மதியா மூச்சுவிடலாம்னு பார்த்தா, ஊசியே தேவையில்லாத வைத்தியம் வந்து நின்னது. அதுக்கு விதை முன்னாடியே போட்டாச்சு. 1964 ஜனவரி, போர்ட்லண்ட் நகரம், 82 வயசுப் பாட்டி, கால்விரல் அழுகி நிக்குது. காலை எடுக்கணும்னு சொன்னதுக்கு முடியாதுன்னுட்டார். எக்ஸ்ரே டாக்டர் சார்ல்ஸ் டாட்டர் தொடைத் தமனியின் அடைப்பு வழியா கம்பியும் ட்யூபும் விட்டு அகலப்படுத்தினார். கால் சூடாச்சு. பாட்டி இறக்கற வரைக்கும் சொந்தக் காலில் நடந்தார். சர்ஜன்கள் டாட்டரைக் கிட்டத்தட்ட பைத்தியம்னாங்க. ஒரு சர்ஜன் அவருக்கு அனுப்பின படிவத்துல, படம் எடுத்துப் பாருங்க, சரிபண்ணக் கிளம்பிடாதீங்கங்கற அர்த்தத்துல எழுதி அனுப்பினது பிரபலம். 1990ல ப்யூனஸ் அயர்ஸ்ல ஹுவான் பரோடி, சர்ஜனாவே இருந்துக்கிட்டு, வீங்கின வயிற்றுப் பெருந்தமனிக்குள்ள இடுப்புத் தமனி வழியா துணிக்குழாயைக் கொண்டுபோய் வச்சார். வயித்தைத் திறக்காம.

அதோட பயிற்சித் திட்டம் நடத்தறவங்க தலைவலி திசை மாறிடுச்சு. 1990கள்ல பெரிய ப்ரொபசர்கள் கம்பி பிடிக்கக் கத்துக்கறதுக்குத் தங்களைவிட இளையவங்க பின்னாடி நின்னாங்க. இப்ப பயிற்சிக்கு வர்றவங்க கம்பியில கில்லாடிங்க, ஆனா வயித்தைத் திறந்து பெருந்தமனியைத் தைக்கற கேஸ் அவங்க கையில முன்ன மாதிரி விழறதில்ல. கம்பியால முடியாத, ரொம்பச் சிக்கலான கேஸ்தான் திறந்து செய்ய மிச்சம். அதாவது குறைவா பழகின கைக்குக் கஷ்டமான வேலை. அதனால மறுபடி சிலிகான் குழாய், சிமுலேட்டர், பதப்படுத்தின உடல்னு ஆய்வகத்துக்கே திரும்பிப் போயிருக்காங்க. தாமஸ் ஸ்டூல் போட்ட இடத்துக்கு.

நம்ம பக்கம் வருவோம். இங்க எம்.எஸ். முடிச்சு அதுக்கு மேல 3 வருஷம் எம்.சி.எச். வாஸ்குலர் படிக்கணும். சென்னை மருத்துவக் கல்லூரியில் இருக்கு. ஆனா தலைக்கு ஒரு பைக் ஓடற மாநிலத்துல, ஒவ்வொரு ஊர் ஆஸ்பத்திரியிலும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வாஸ்குலர் சர்ஜன் நிக்கறது நடக்காத காரியம். அந்தப் பழைய கேள்விதான்.

அதுக்கு ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள்ல பெருசா பயன்பட்ட ஒரு பதில் இருக்கு. ஷன்ட். ஒரு சாதாரண பிளாஸ்டிக் ட்யூப். அறுந்த தமனியோட மேல்முனையில ஒரு பக்கம், கீழ்முனையில ஒரு பக்கம் செருகி, ரெண்டு இடத்துலயும் நூல் போட்டு நிறுத்தணும், அவ்வளவுதான். ரத்தம் காலுக்குப் போயிடும். முழுத் தையல் தெரியாத ஜெனரல் சர்ஜனும் செய்யலாம். அப்புறம் ஆம்புலன்ஸ்ல ஏத்தி தைக்கத் தெரிஞ்சவர்கிட்ட அனுப்பலாம். அந்த 6 மணி நேரக் கடிகாரத்தை இது நிறுத்தி வைக்கும். ஆனா அந்தத் தமனியை எங்க வெட்டித் திறந்து பிடிக்கணும்னு தெரியணும், அதை முன்னாடியே ஒரு தடவையாவது கையால செஞ்சு பார்த்திருக்கணும்.

கேள்வி கேட்டவருக்கு: முழங்கால் மூட்டு விலகியிருந்தாலோ, முழங்கால் பக்கத்துல எலும்பு உடைஞ்சிருந்தாலோ, பாதம் ஜில்லுனு வெளுத்துப் போயிருந்தாலோ, எக்ஸ்ரேக்கு வரிசையில நிக்கும்போதே "பாதத்துல நாடி பார்த்தீங்களா டாக்டர்?"னு கேளுங்க. அடிபட்ட நேரத்தை ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கோங்க. எங்களுக்கு முதல்ல வேண்டியது அதுதான்.